முட்செடி தின்னும் சிட்டு

கேள்வி: இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த ‘சிட்டுடன் மாதா’ ஓவியத்தில் இரண்டு சிறுவர்கள் ஒரு குருவியோடு விளையாடுகிறார்கள், தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதில் சிலுவையைத் தேடுவது விமர்சகர்களின் கற்பனைதானே? மரியாளின் நீல மேலாடையும் ஓவியரின் ரசனை என்பதற்கு மேல் என்ன?

பதில்: கற்பனை அன்று. ஏறத்தாழ 1506இல், இத்தாலிய நகரமான ஃபுளோரன்ஸின் வணிகர் லோரென்சோ நாசியின் திருமணத்தையொட்டி வரையப்பட்ட ஓவியம் அது. சிலுவை சுமந்து சென்ற இயேசுவின் முள்முடியிலிருந்து அந்தச் சிட்டு ஒரு முள்ளைப் பிடுங்கியபோது தெறித்த இரத்தமே, முட்செடிகளின் விதைகளைத் தின்று வாழும் அச்சிட்டின் முகத்தில் சிவப்பாக நின்றுவிட்டது என்னும் கதையை அறிந்திருந்த அக்கால இத்தாலியர்களுக்கு, யாரும் விளக்காமலே அதன் பொருள் விளங்கியிருக்கும். ரஃபேலுக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டிலிருந்தே, குழந்தை இயேசுவின் கையில் அதே பறவையை ஓவியர்கள் வைத்து வந்தார்கள்.

இங்கே அதைப் பிடித்திருப்பவர், பின்னாளில் இயேசுவைக் ‘கடவுளின் ஆட்டுக்குட்டி’ என்று சுட்டிக்காட்டப்போகும் திருமுழுக்கு யோவான் என்பதைத் தாங்கள் கவனிக்கவில்லை. வரவிருக்கும் திருப்பாடுகளை, அதாவது சிலுவைத் துன்பங்களை, ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனான இயேசுவிடம் விளையாட்டாக நீட்டுகிறான். அவனும் அஞ்சாமல் அதைத் தடவிக்கொடுக்கிறான்.

நீலத்தைப் பொறுத்தவரை, நீலம் என்றால் வானம், சிவப்பு என்றால் அன்பு என்று அகராதி புரட்டுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அது தனிமனித ரசனையும் அன்று. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டிய நீலக்கல்லை அரைத்துப் பிரித்தெடுத்த அல்ட்ராமரீன் என்னும் நீல நிறமி மிகவும் விலை உயர்ந்தது. அதே ஃபுளோரன்ஸில் 1485இல் ஓவியர் கிர்லாந்தாயோவுடன் செய்யப்பட்ட ஒப்பந்தம், அவுன்ஸுக்குச் சுமார் 4 ஃபுளோரின் (அந்நகரின் பொற்காசு) பெறும் நீலத்தையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. மாதாவுக்கு நீலம் என்பது காணிக்கையாகவும் இருந்தது.

தாங்கள் பார்த்த அச்சுப்படி மங்கலாக இருந்திருக்கலாம். 1547இல் நாசியின் வீடு இடிந்து விழுந்தபோது, ஓவியம் தீட்டப்பட்டிருந்த பலகை பல துண்டுகளாக உடைந்தது. ஒட்டுவேலையும் பழுப்பேறிய மெருகும் நூற்றாண்டுகளாக வண்ணங்களை மூடியிருந்தன. பத்தாண்டுச் சீரமைப்புக்குப் பின் 2008இல் ஓவியம் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. இப்போது ஃபுளோரன்ஸின் உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீரமைப்புக்குப் பிந்தைய படம் ஒன்றில் கீழ்ப்பகுதியைப் பாருங்கள்: கை சிட்டை நோக்கி நீண்டிருக்கும்போதே, குழந்தையின் பாதம் தாயின் பாதத்தின்மேல் ஊன்றியிருக்கிறது.