மாரிஸ் நடனக் குழுவில் ஆடுபவர்களுக்குக் கோடைக்காலம் எப்படிப் போகும்?

ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு குழுவில் நான்கு வருடமாக ஆடுகிறேன். ஆண், பெண் இருவரும் ஆடும் குழு. நெடுங்காலம் மாரிஸ் ஆண்களின் ஆட்டமாகவே பார்க்கப்பட்டது. 1975-ல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்கு வழி விட்டது அவர்கள்தான்.

மாரிஸ், இங்கிலாந்தின் கிராமிய நடனம். லண்டன் பொற்கொல்லர் சங்கம் 1448-ல் ஆடியவர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்த கணக்குதான் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு. எங்கள் வட்டார வகைக்குக் காட்ஸ்வோல்ட் என்று பெயர். ஆறு பேர், இரண்டு வரிசை. முழங்காலுக்குக் கீழே சலங்கைப் பட்டை. கையில் பெரிய வெள்ளைக் கைக்குட்டைகள், சில ஆட்டங்களுக்குக் கோல்.

குளிர்காலம் முழுக்க மண்டபத்தில் பயிற்சி. மே 1 விடிகாலையில் வெளியே வருவோம். 6 மணிக்கு மாக்டலன் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியில் பாடகர் குழு லத்தீன் பாட்டுப் பாடும். கீழே தெரு நிறையக் கூட்டம். அந்தச் சில நிமிடம் நாங்கள் காலை நகர்த்தவே மாட்டோம், லேசாக அசைந்தாலும் சலங்கை சத்தம் போட்டுவிடும். பாட்டு முடிந்து கோபுர மணி அடிக்கத் தொடங்கியதும் நடப்போம். அதுவரை அடக்கி வைத்த சலங்கை எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். எனக்குக் கோடை தொடங்குவது அந்தச் சத்தத்தில்தான்.

மே கடைசித் திங்கட்கிழமை எங்களுக்கு ஆட்டம் இல்லை, பாம்ப்டன் கிராமத்துக்குப் பார்க்கப் போவோம். உள்ளூர்க் குழுக்கள் பகல் முழுக்க வீட்டுத் தோட்டங்களிலும் பப் வாசல்களிலும் ஆடும். ஒருவர் வாளில் செருகிய கேக்கைச் சுமந்து வந்து துண்டு துண்டாகக் கொடுப்பார். நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் சிட்மத் என்ற கடற்கரை ஊரில் நாட்டுப்புறக் கலைத் திருவிழா. 1955-ல் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் ஒரு குழு முடித்ததும் அடுத்த குழு. கடல் காற்றில் கைக்குட்டை நம் சொல்பேச்சு கேட்காது என்பதால் அங்கே கோலாட்டங்களையே அதிகம் வைத்துக்கொள்வோம்.

ஆனால் திருவிழாக்களை விட எனக்குப் பிடித்தது புதன்கிழமை மாலைகள். வாரம் ஒரு கிராமத்து பப் முற்றம். பார்ப்பவர்கள் சில நாள் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். போன ஜூனில் 'பீன் செட்டிங்' ஆடினோம். அவரை ஊன்றக் குழி போடுவது போலக் குனிந்து கோலால் தரையைத் தட்டி, நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவரின் கோலோடு அடிக்கும் ஆட்டம். இரண்டாவது சுற்றில் என் கோல் முறிந்து பாதி பறந்துபோனது. எதிரே ஆடிய பெரியவர், எழுபது தாண்டியவர், தாளம் விடாமல் தன் கோலைத் தாழ்த்தி என் கையில் மிஞ்சிய துண்டிலேயே தட்டினார். கடைசி வரை அப்படியே ஆடி முடித்தோம். அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செப்டம்பரோடு வெளி ஆட்டம் முடியும். அப்புறம் பட்டையில் தளர்ந்த சலங்கைகளைத் தைக்கும் வேலை. நேரில் பார்க்க ஆசை இருந்தால் மே 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டுக்கு 5 மணிக்கே வந்துவிடுங்கள், பிறகு வந்தால் கோபுரத்தை ஒட்டிய பாலத்துக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்காது.