மூன்றாவது முறையும் மடிநோய்: அடுத்த ஊசிக்கு முன் பாலை டெஸ்ட்டுக்குக் கொடுங்கள்

கேள்வி: ஐயா, இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பு மாடு. வலது பின்காம்பில் மடிநோய். ஊசி போட்டால் நாலு நாளில் சரியாகிறது, அப்புறம் மறுபடியும் மடி வீங்கிப் பால் திரிதிரியாக வருகிறது. இது மூன்றாவது தடவை. டாக்டர் பாலை லேபுக்கு அனுப்பச் சொல்கிறார். அதில் என்ன தெரியும்? அதற்குள் மெடிக்கலில் வேறு ஊசி வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம், நீங்களாக ஊசியை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் அரைகுறையாக மருந்து போய்ச் சேரும்போது அதற்குத் தப்பிய கிருமிதான் மடியில் பெருகுகிறது. டாக்டர் சொன்னதுதான் சரி.

லேபில் பாலை, கிருமி வளரச் சத்து ஊற்றி உறைய வைத்த தட்டில் தடவிக் கிருமியை வளர்த்து, அது ஸ்டெபிலோகாக்கஸா, ஈகோலையா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அதே கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, பெனிசிலின், என்ரோபிளாக்சசின் என்று மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை வைத்து, சுமார் 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விடுவார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டம் தெளிவாக இருக்கும், கேட்காவிட்டால் வில்லை ஓரம் வரை முளைத்திருக்கும். வட்டம் பெரிதாக இருப்பதுதான் நல்ல மருந்து என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேறு. ரிப்போர்ட்டில் எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது.

டெஸ்ட் பெரும்பாலும் கெடுவது பால் எடுக்கும் இடத்தில்தான். காம்பைக் கழுவி நன்றாகத் துடைத்து உலர விடுங்கள், ஈரம் சொட்டினால் சாணக் கிருமியும் சேர்ந்து வரும். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால், பஞ்சில் அழுக்கு வருவது நிற்கும் வரை துடைத்து, முதல் மூன்று நாலு பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுவிட்டு, லேபில் தரும் சுத்தமான குழாயைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி பீச்சுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மாட்டுக்கு இதுவரை போட்ட ஊசிகளின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் மருந்து பாலில் இருக்கும்போது எடுத்தால் கிருமி முளைக்காமலே போகலாம்.

மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. பாலை எடுத்து வைத்த கையோடு டாக்டர் வைத்தியம் தொடங்கட்டும், ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் மருந்தை மாற்றுவார்.

இந்த டெஸ்ட்டை எங்கே எடுக்கலாம் என்று மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரியுங்கள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொள்ளும், எஸ் என்று வந்த மருந்தும் சில சமயம் தோற்கும். அப்படியானால் கறவை வற்றும்போது காம்புக்குள் ஏற்றும் மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அதுவரை மற்ற மாடுகளைக் கறந்த பிறகு இந்த மாட்டைக் கடைசியாகக் கறந்துகொள்ளுங்கள். ஊசி போட்ட பாலை, டாக்டர் சொல்லும் நாள் கழியும் வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள். அதைக் குடிக்கும் கன்றின் குடலிலும் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும்.