36 நம்பர் பெல்ட் ஏன் சீக்கிரம் மழுங்குகிறது?

கேள்வி: லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்கிறேன். 2x72 இன்ச் பெல்ட் கிரைண்டர் இருக்கிறது. முரட்டு உராய்வு மணிகள் ஒட்டிய 36 நம்பர் பெல்ட் இரண்டு கத்திக்குள் மழுங்கிவிடுகிறது. சாதா பெல்ட்டையே டஜன் கணக்கில் வாங்கிப் போடவா, விலை கூடிய செராமிக் மணி பெல்ட் வாங்கவா?

பதில்: முரட்டு வேலைக்குச் செராமிக்கே வாங்குங்கள். ஆனால் பழைய மாதிரியே வேலை செய்தால் அதுவும் அதே கதிதான். உலையில் காய்ந்த இரும்பின் மேல் கருஞ்செதில் படிந்திருக்கும் பாருங்கள், அது அடியிலுள்ள இரும்பைவிடக் கடினம், புது பெல்ட்டின் மணிமுனையை முதல் நிமிஷத்திலேயே தின்றுவிடும். ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அப்புறம், வெட்டியெடுத்த பட்டையின் கூர் விளிம்பை அப்படியே புது பெல்ட்டில் வைக்காதீர்கள், மணிகளை அது வேரோடு பெயர்த்துவிடும். தேய்ந்த பெல்ட் ஒன்றை மாட்டி, விளிம்பை இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் உடைத்துக்கொண்டு, பிறகு புதுசை மாட்டுங்கள்.

செராமிக்கைத் தடவிக்கொடுக்கக் கூடாது. நல்ல வேகத்தில் ஓடவிட்டு அழுத்தித் தேய்த்தால்தான் அதன் மணி நுணுக்கமாக உடைந்து புது முனை காட்டும். லேசாகத் தொட்டால் முனை பளபளத்து வழுக்க ஆரம்பிக்கும், பெல்ட் தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போடுவோம். ஆனால் உங்கள் மோட்டார் கொஞ்சம் அழுத்தினாலே திணறும் சின்ன மோட்டார் என்றால், செராமிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு அவ்வளவு பலன் இருக்காது. 120 நம்பருக்கு மேல் நைசான பெல்ட்டுக்குச் சாதா அலுமினியம் ஆக்சைடு போதும், அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: துவைச்சல் போட்டு (பழுக்கக் காய்ச்சி, சட்டென முக்கிக் குளிரவைத்து) பதம் ஏற்றிய அலகை மழுங்கிய பெல்ட்டில் இழுக்காதீர்கள். வெட்டாத பெல்ட் சூட்டைத்தான் கிளப்பும். மெல்லிய வாய்ப்பக்கம் வைக்கோல் நிறமாகி நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரி செல்சியஸ் சொச்சத்தைத் தொட்டுவிட்டது, 200 டிகிரியில் ஏற்றிய பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். வெறுங்கையால் பிடித்து, சுடும்போதெல்லாம் தண்ணீரில் முக்குங்கள்.

விலை மலிவு என்று வருஷத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி அடுக்க வேண்டாம், ஈரக்காற்றில் பெல்ட் சுருளும், ஒட்டும் விட்டுப்போகும். ஆணியில் மாட்டாமல் பருமனான குழாயில் தொங்கவிடுங்கள். இரும்புக்கு ஆகாத பெல்ட் கைப்பிடி மரத்துக்கு இன்னும் நன்றாகவே ஓடும், எறியாதீர்கள்.