டிராக்குக்குப் போகும் காருக்கு 4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. கைக்கு மாதம் 2.4 லட்சம் வருகிறது. வீட்டுச் செலவு 70,000. இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ எம்340ஐ வாங்கினேன். லோன் பாக்கி 21 லட்சம், இஎம்ஐ 62,000. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் முதல் முறையாக டிராக் டே (சொந்த காரை அங்கே வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்) போக ஆசை. எக்ஸாஸ்ட், ஈசியூ ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி சக்தி கூட்டுவது), பெரிய பிரேக் கிட், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகும் என்கிறது கராஜ். கையில் இருக்கும் 5 லட்சத்தைத் தொடாமல் பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: லோன் வேண்டாம். டிராக்குக்குப் போங்கள்.

4 லட்சத்தை 14% வட்டிக்கு மூன்று வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 13,670 ரூபாய். வட்டி மட்டும் 92,000. ஆனால் இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் கார் பாலிசியை எடுத்து ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் காப்பீடு கிடையாது என்று இருக்கும். ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்ட் எல்லாம் அந்த பாலிசியில் தொங்கும் கூடுதல்கள்தான். தனியாக வந்து காப்பாற்றாது. உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் அதே கதை. ‘டிராக் டே பந்தயம் இல்லையே’ என்று வாதாடலாம்தான். அதை நம்பி 21 லட்சம் கடன் இருக்கும் காரை ஓட்டாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். கார் சுவரில் மோதி நொறுங்கினாலும் வங்கி இஎம்ஐயை நிறுத்தாது.

அப்புறம், ரீமேப். வாரண்டி மிச்சம் இருந்தால் அது போய்விடும் அபாயம் உண்டு. காப்பீட்டாளரிடம் சொல்லாமல் செய்தால், நாளைக்கு அண்ணா சாலையில் நடக்கும் சாதாரண விபத்துக்கும் கிளெய்மில் தகராறு வரும். 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடியில் தொடும் காருக்கு முதல் நாளிலேயே இன்னும் எதற்குக் குதிரைத் திறன்?

செலவு செய்ய வேண்டிய இடம் பிரேக். இந்த கார் 1,700 கிலோவுக்கு மேல். சில வருடம் முன்பு நானும் ஒரு ஆட்டோமேட்டிக் காரை எடுத்துக்கொண்டு டிராக்கில் இறங்கினேன். நான்காவது சுற்று, நேர் பாதை முடிந்து முதல் வளைவு. பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு முறை அடித்து மிதித்த பிறகுதான் பிடித்தது. காரணம், மூன்று வருடமாக மாற்றாத பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். கராஜின் பட்டியலில் இருந்து பெரிய பிரேக் கிட்டை நீக்கிவிட்டு, தரமான டாட் 4 அல்லது 5.1 ஆயிலும், டிஸ்குக்கு ஏற்ற நல்ல பிரேக் பேடும் போடுங்கள். 5.1 என்றால் 5 இல்லை. டாட் 5 சிலிகான், உங்கள் காருக்கு ஆகாது.

கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கியருக்குக் கடத்தும் பாகம்) இருப்பதால் கியர் ஆயில் சூடாகும். ‘லைஃப்டைம் ஆயில்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 8 ஸ்பீடு பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. விரட்டி ஓட்டினால் இன்னும் முன்பே. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் நீங்கள், பழைய சர்வீஸ் பில்லைப் பாருங்கள். டிராக்கில் மேனுவல் மோடில் வைத்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் ஷிஃப்டர் மூலம் கியரைக் குறையுங்கள். இன்ஜினும் சேர்ந்து வேகத்தைக் குறைத்தால் பிரேக்குக்குப் பாரம் குறையும். நாலைந்து சுற்று போதும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள். பிட்டில் (டிராக் ஓரம் கார்கள் நிற்கும் இடம்) நின்றதும் பழக்க தோஷத்தில் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள், சூடான டிஸ்க் கெடும். சமதளத்தில் கியரை ‘பி’யில் வைத்தால் போதும். டயரில் காற்று சூட்டில் ஏறும், ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் கேஜ் வைத்துப் பாருங்கள்.

சரி, பணம் எங்கிருந்து? உங்கள் மாதச் செலவு இஎம்ஐ சேர்த்து 1.32 லட்சம். அப்படியென்றால் 5 லட்சம் நான்கு மாதத்துக்குக்கூட வராது. அதைத் தொடாதது சரிதான். ஆனால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறதே, அதில் 30,000 தனியாக ஒதுக்குங்கள். மூன்று மாதத்தில் 90,000. ஆயில், பேடு, முகம் மூடிய நல்ல ஹெல்மெட், நுழைவுக் கட்டணம், பெட்ரோல் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கப் பாருங்கள். கார் போனால் தாங்க முடியாது என்று தோன்றினால், பந்தயப் பயிற்சிப் பள்ளியின் காரில் முதல் நாளை ஓட்டுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் மலிவு.

சொந்த காரில் போனால், கிளம்பும் முன் சக்கர ஆரங்களுக்கிடையே டார்ச் அடித்து பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அதே பிரேக்கை நம்பித்தான் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வீடு திரும்ப வேண்டும்.