சாண்டா ஃபே பாதை: கடிதம்

அன்புள்ள சார்,

கன்சாஸ் சிட்டிக்கு அருகே குடியிருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பதால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, சாண்டா ஃபே பாதை என்ற பழைய வண்டிப்பாதையைக் காரில் பார்த்து வரலாம் என்று கிளம்பினோம். கவுன்சில் குரோவ், பானி ராக் என்ற பாறைக்குன்று, லார்னெட் கோட்டை, டாட்ஜ் சிட்டிக்கு மேற்கே இருக்கும் வண்டித்தடம் எல்லாம் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். வண்டித்தடம் என்று பலகை வைத்த இடத்தில் புல்வெளி கொஞ்சம் பள்ளமாக இருந்தது, அவ்வளவுதான். "இதுக்கா அஞ்சு மணி நேரம் வந்தோம்?" என்று கேட்டான் மகன். அப்பா மட்டும் பலகைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து கொலராடோ பக்கம் போகலாமா என்று யோசனை. ஆனால் அங்கே இருக்கும் பென்ட் கோட்டை 1976-ல் புதிதாகக் கட்டியதாம். அப்படியானால் சினிமா செட் மாதிரிதானே? போகலாமா, விட்டுவிடலாமா?

செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்குமார்,

போய்வாருங்கள். ஆனால் கூடாரம் போட்ட வண்டியில் பெண்டாட்டி பிள்ளையோடு நிலம் தேடிப் போனவர்களின் பாதை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது ஓரிகன் பாதை. சாண்டா ஃபே பாதை முதன்மையாக வியாபாரிகளுடையது. அமெரிக்காவின் மிசௌரியில் சரக்கு ஏற்றி, அன்றைக்கு மெக்சிகோவில் இருந்த சாண்டா ஃபேயில் இறக்கினார்கள்.

1821-ல் வில்லியம் பெக்னெல் மிசௌரியிலிருந்து புறப்பட்டபோது கழுத்து வரை கடனில் இருந்தார். ஸ்பெயினின் ஆட்சி இருந்தவரை சாண்டா ஃபேக்குச் சரக்கு கொண்டுபோன அமெரிக்கர்களைப் பிடித்துச் சிறையில் போடுவார்கள். அவர் போய்ச் சேர்ந்த நவம்பரில் மெக்சிகோ சுதந்திரம் அடைந்திருந்தது, வரவேற்றார்கள். மறு வருஷமே வண்டிகளோடு திரும்பிப் போனார். அப்புறம் ஏறத்தாழ அறுபது வருஷம், 900 மைல் தூரத்துக்கு, பருத்தித் துணியும் இரும்புச் சாமானும் மேற்கே போக, வெள்ளி நாணயமும் கோவேறு கழுதைகளும் கம்பளியும் கிழக்கே வந்தன. 1840-களில் இந்த வியாபாரத்தில் பெரும் பங்கு மெக்சிகோ வணிகர்களின் கையில் இருந்தது. அவர்களில் சிலர் நியூயார்க் வரை போய்ச் சரக்கு எடுத்திருக்கிறார்கள். 1880-ல் ரயில் சாண்டா ஃபேயை எட்டியதும் எல்லாம் முடிந்தது.

உங்கள் மகன் பார்த்த பள்ளத்துக்கு வருகிறேன். ஒரு வண்டியின் இரண்டு சக்கரக் கோடுகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆபத்தான இடங்களில் வண்டிகள் நான்கு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் போகும். தாக்குதல் வந்தால் சட்டென்று வளைத்துக் கோட்டைபோல நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்காக. சுமை வண்டி ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் இழுத்தது. இத்தனை வருஷம் மிதிபட்ட மண்ணை மழையும் காற்றும் அரித்ததால்தான் தடம் தூர்ந்துபோன வாய்க்கால்போல அகலமாகக் கிடக்கிறது. நடுப்பகலில் போனால் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போனால் நிழல் விழுந்து பள்ளங்கள் நன்றாகத் தெரியும். நீங்கள் போனது மத்தியானமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பானி ராக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரயில்வேக்காரர்களும் குடியேறியவர்களும் கல் உடைத்து எடுத்தது போக மிச்சம்தான் அது. கவுன்சில் குரோவில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. அந்த ஊரில் 1825-ல் ஓசேஜ் பழங்குடி மக்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டது. பாதைக்கு வழிவிட்டதற்கு விலை 800 டாலர். அதே மாதம், அதே தொகைக்கு கன்சா மக்களோடும் ஓர் ஒப்பந்தம். மாநிலத்துக்கே பெயர் கொடுத்த அந்த மக்களை 1873-ல் இப்போதைய ஓக்லஹோமாவுக்குத் துரத்திவிட்டார்கள். அவர்கள் வழிபட்ட சிவப்புப் பாறை ஒன்று, 20 டன்னுக்கு மேல் இருக்கும், அதை 1929-ல் லாரன்ஸ் நகரத்துக்குத் தூக்கிப்போய் நகரை நிறுவிய வெள்ளையர்களின் நினைவுச்சின்னமாகப் பட்டயம் பதித்து வைத்தார்கள். 2024-ல் அந்தப் பாறை கன்சா மக்களுக்குச் சொந்தமான நிலத்துக்கே திரும்பி வந்துவிட்டது. கவுன்சில் குரோவுக்கு வெளியே சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் பாருங்கள்.

சரி, பென்ட் கோட்டை. 1833-ல் பென்ட் சகோதரர்களும் செரன் செயின்ட் வ்ரெயினும் ஆர்கன்சா ஆற்றின் வடகரையில் பச்சைச் செங்கல்லால் கட்டியது. ஆறுதான் அன்றைக்கு இரண்டு நாட்டுக்கும் எல்லை. பெயர்தான் கோட்டை, உள்ளே நடந்தது கடை. ஷயான், அரபஹோ பழங்குடி மக்கள் கொண்டுவந்த காட்டெருமைத் தோலுக்குப் பதில் சரக்கு கொடுத்தார்கள். 1849-ல் கைவிடப்பட்டு இடிந்துபோனது. இப்போது நிற்பது முழுக்க மறுகட்டுமானம், அதை மறைக்கவும் இல்லை. 1846-ல் அங்கே நோயாகத் தங்கியிருந்த ஏபர்ட் என்ற ராணுவ அதிகாரி சுவர் சுவராக அளந்து வரைந்து வைத்திருந்தார். பெரும்பாலும் அந்த வரைபடத்தை வைத்துத்தான், பழைய இடத்திலேயே எழுப்பினார்கள். செட் என்று தள்ளாதீர்கள். கிடங்கு எவ்வளவு பெரியது, முற்றத்தில் எத்தனை வண்டி நிற்கும் என்பதையெல்லாம் இடிபாடு காட்டாது, இது காட்டும்.

ஆனால் அதை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். மீதிப் பாதி சாண்ட் கிரீக் என்ற ஓடைக்கரையில் இருக்கிறது. வில்லியம் பென்ட் திருமணம் செய்தது அவுல் உமன் என்ற ஷயான் பெண்ணை. வியாபாரம் நடக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் உறவு வேண்டும், அந்தக் கல்யாணத்தில் அதுவும் ஒரு காரணம். 1846-ல் மெக்சிகோ மீது படையெடுத்த அமெரிக்க ராணுவம் இதே பாதையில், இதே கோட்டை வழியாகத்தான் போனது. பிறகு பென்ட் ஆற்றோட்டத்தில் கீழ்ப்புறம் கட்டிய புதுக் கடையையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. அதை ஒட்டி எழுந்த லயன் கோட்டையிலிருந்துதான் 1864 நவம்பர் 28 இரவு கர்னல் சிவிங்டனின் படை, கிட்டத்தட்ட 675 பேர், சாண்ட் கிரீக்குக்குப் புறப்பட்டது. வழிகாட்ட பென்ட்டின் மகன் ராபர்ட்டைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார்கள். விடிந்தபோது தாக்கப்பட்ட ஷயான், அரபஹோ முகாமில் ராபர்ட்டின் உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். ஷயான் தலைவர் பிளாக் கெட்டில் அமெரிக்கக் கொடியை ஏற்றிவைத்திருந்தார். அப்படியும் 230-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். அந்தப் படையிலேயே இருந்து, சுடும்படி உத்தரவிட மறுத்த கேப்டன் சைலஸ் சோல் பின்னர் விசாரணையில் சாட்சி சொன்னார். 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பென்ட் கோட்டையையும் சாண்ட் கிரீக்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சுற்றுலாத் துண்டறிக்கைகள் இரண்டையும் தனித்தனி இடமாகக் காட்டும். என்னைக் கேட்டால், ஒன்று இல்லாமல் மற்றது புரியாது. காலையில் கோட்டை, அப்புறம் சாண்ட் கிரீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இல்லையென்றால் டாட்ஜ் சிட்டியை விட்டுவிடுங்கள், துப்பாக்கிச் சண்டை நாடகம் தவிர அங்கே உங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

சாண்ட் கிரீக்கில் கட்டடம் என்று சொல்ல அதிகம் கிடையாது. மேட்டின் மேல் நடந்துபோய் ஓடைப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கீழே இறங்க விடமாட்டார்கள், அது ஷயான், அரபஹோ மக்களுக்குப் புனித நிலம். பிள்ளைகளிடம் அங்கே நடந்ததைக் காரிலேயே சொல்லிவிடுங்கள், பெரியவனுக்கு மட்டுமாவது. கடைசிச் சில மைல்கள் மண் சாலை, நல்ல மழை பெய்தால் போக வேண்டாம். இரண்டு இடத்துக்கும் கிளம்பும் முன் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் ஊரை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் குறைவு, அப்பா அம்மாவுக்குத் தொப்பி அவசியம்.