யார் வேண்டும் என்று கேட்டார்கள்

கேள்வி: எனக்கு வயது 58. 26 வயதில் வேலை கிடைத்துப் போன ஊரிலேயே 31 வருடம் இருந்தேன். மகள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். நானும் கணவரும் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, மகள் வேலை பார்க்கும் நகரத்துக்கே வந்துவிட்டோம். 14 மாதம் ஆகிறது. எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் ராத்திரி எழுந்தால் பழைய வீட்டில் ஸ்விட்ச் இருந்த பக்கம்தான் கை போகிறது. நாலு அட்டைப்பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை. போன மாதம் ஊருக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவ்வளவு சந்தோஷம். பழைய வீட்டு வாசலில் போய் நின்றால், 'யார் வேண்டும்?' என்று கேட்டார்கள். பதில் வரவில்லை, நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்து மகளிடம் சொன்னால், 'இன்னும் எத்தனை நாளைக்கும்மா? இதுதானே உங்க வீடு' என்கிறாள். எது என் வீடு?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

'யார் வேண்டும்?' என்ற இடத்தில் உங்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படிக்க முடிந்தது. அந்த வாசலில் நின்று 31 வருடம் நீங்கள் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. அதையே உங்களிடம் ஒருவர் கேட்டால் நெஞ்சை அடைக்கத்தான் செய்யும். கேட்டவர் மேல் தப்பில்லை. உங்கள் மேலும் இல்லை.

14 மாதம் ஆகியும் இப்படி இருக்கிறதே என்று கூச்சப்படவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் படித்த யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், 1688-ல் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே வைத்து ஆய்வேடு எழுதினார். 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். கிரேக்க மொழியில் 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புவது, 'ஆல்கோஸ்' என்றால் வலி. பெர்ன் என்ற ஊரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து, நோயில் விழுந்து, பிழைப்பானா என்ற நிலைக்குப் போன ஒரு இளைஞனைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்றதும் அவனுக்கு மூச்சு சீராகிறது. பாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் உடம்பு தேறுகிறது. பெர்ன் போய்ச் சேருவதற்கு முன்பே குணமாகிவிடுகிறான்.

ஊரைக் கண்ணால் பார்க்கும் முன்பே குணமாகிவிட்டான், பாருங்கள். உங்களுக்கும் பஸ்ஸில் வந்த சந்தோஷம் வாசலில் நிற்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து நீங்கள் நினைத்துக்கொண்டு போனது, மகள் சின்னவளாக இருந்த வீடு. காலையில் அவசரமாக வேலைக்குக் கிளம்பி ஓடிய வீடு. வாசலில் இருந்தது, வேறு யாரோ குடியிருக்கும் கட்டடம். உங்களுக்கு இடம் மட்டும் கைவிட்டுப் போகவில்லை, அந்த வருடங்களும் போயிருக்கின்றன. அந்த ஊரிலேயே இருந்திருந்தாலும் அவை போயிருக்கும். ஆனால் அதே வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு சத்தமாகத் தெரிந்திருக்காது.

நானும் வீடு மாறி வந்தவள்தான். எங்கள் பழைய வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நிலைப்படி, நாலு விரல் உயரத்துக்கு இருக்கும். புது வீட்டில் தரை ஒரே சமம். ஆனாலும் சமையலறையிலிருந்து வரும்போதெல்லாம் இல்லாத படிக்காகக் காலைத் தூக்கி வைப்பேன். ஒவ்வொரு தடவையும் மனசு கசங்கும். ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தேன். அப்புறம் ஒருநாள், பழைய வீட்டில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள் என்று போனேன். நேராக அந்த நிலைப்படியில் தடுக்கிக் கூடத்தில் விழுந்தேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது: கால் எப்போதோ புது வீட்டைப் பழகிவிட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கு ரொம்ப அழுதேன். அடிபட்ட வலியால் இல்லை. என்னைக் கேட்காமல் என் உடம்பு அந்த வீட்டை விட்டுவிட்டதே என்றுதான்.

உங்கள் கையும் ஒருநாள் சரியான ஸ்விட்சுக்குப் போகும். அன்றைக்கு நிம்மதியோடு ஒரு சின்னத் துக்கமும் வந்தால் பயப்படாதீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஏங்கும் அந்த ஊர் நீங்கள் பிறந்த ஊர் இல்லை. 26 வயதில் ஒருவரையும் தெரியாமல் போய் இறங்கிய ஊர். அங்கே முதல் 14 மாதம் எப்படி இருந்தது? பெற்றவர்கள் வீட்டை நினைத்து எத்தனை ராத்திரி விழித்திருந்தீர்கள்? எந்தத் தேதியில் அது உங்கள் ஊராயிற்று என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. இதுவும் அப்படித்தான் தேதி தெரியாமல் நடக்கும். ஆனால் தானாக நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை இருந்தது, குழந்தை இருந்தாள், தினமும் நாலு பேர் முகத்தில் விழித்தே ஆக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் நீங்களாகத்தான் வெளியே போக வேண்டும்.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறது. தினம் பத்து நிமிஷம் பேசினால், 50 மணி நேரத்துக்கு 300 நாள். அதனால் 'இங்கே யாரும் ஒட்டவில்லை' என்று தோன்றினால், மனிதர்களைக் குறை சொல்வதற்கு முன் மணியைக் கணக்குப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் நடந்துவிட்டு வாருங்கள். ஒருநாள் போகாவிட்டால் 'நேற்று உங்களைக் காணோமே' என்று ஒருவராவது கேட்கிறவரைக்கும் விடாதீர்கள். அடுத்த தடவை ஊருக்குப் போனால் அந்த வாசல் பக்கம் போக வேண்டாம். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவர் வீட்டில் தங்குங்கள்.

சரி, எது உங்கள் வீடு? உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 'ஊருக்குப் போனேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து, இந்த நகரத்தைப் பற்றி 'திரும்பி வந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள், கை தானாக எழுதியிருக்கிறது. ஊர் அதுவாகவே இருக்கட்டும். யாராவது எந்த ஊர் என்று கேட்டால் அந்தப் பெயரையே தாராளமாகச் சொல்லுங்கள். திரும்பி வருகிற இடம் இதுவாக இருக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'இதுதானே உங்க வீடு' என்றதில் உங்களுக்கு அலுப்புதான் கேட்டிருக்கிறது. ஆனால் அவள் பிறந்து வளர்ந்ததும் அந்த வீட்டில்தானே? அவள் முதலில் கிளம்பி வந்தபோது, பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள், வீடு இருக்கிறது என்ற தைரியத்தில் வந்திருப்பாள். நீங்கள் விற்றபோது அவள் வீடும் போயிற்று. அதைப் பற்றி அவளிடம் யாராவது கேட்டார்களா? நீங்களும் தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு, 'எனக்கு அந்த வீடுதான் நினைவாக இருக்கிறது' என்று சொல்லும் உரிமை இல்லை என்று தோன்றியிருக்கலாம். அதனால்தான் உங்கள் பேச்சையும் வெட்டுகிறாளோ என்னவோ.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடுங்கள். அந்த நாலு பெட்டிகளையும் கூடத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். முதல் பெட்டியை அவள் பிரிக்கட்டும்.