வாசகர் கேள்விகள்: ‘தி ஸ்வீனி’யும் லண்டனின் பறக்கும் படையும்

கேள்வி: சென்ற இதழில் பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களைப் பற்றி எழுதியபோது ‘தி ஸ்வீனி’யை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஸ்வீனி என்பது கதாநாயகனின் பெயரா?
— கோவை வாசகர்

பதில்: ஒரே வரியில் கடந்தது என் தவறுதான். அதைச் சுட்டிக்காட்டிப் பலர் எழுதியிருப்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அத்தொடருக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஸ்வீனி என்ற பெயரில் தொடரில் எவரும் இல்லை. கதாநாயகன் டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் ஜாக் ரீகன். அவருக்கு வலது கையாக இருப்பவர் சார்ஜென்ட் ஜார்ஜ் கார்ட்டர். இருவரும் லண்டன் பெருநகரக் காவல் துறையின் ‘ஃப்ளையிங் ஸ்க்வாட்’ பிரிவைச் சேர்ந்தவர்கள். தேர்தல் காலத்தில் நாம் ‘பறக்கும் படை’ என்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயர்தான் இது.

கிழக்கு லண்டன்வாசிகளின் பேச்சில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஒரு சொல்லை நேராகச் சொல்லாமல், அதனோடு இயைபு கொள்ளும் வேறொரு தொடரைச் சொல்வார்கள். பிறகு அந்த இயைபுச் சொல்லையும் விட்டுவிட்டு, மிஞ்சியதை மட்டும் புழங்குவார்கள். ‘ஸ்க்வாட்’ என்பதோடு இயைவது ‘ஸ்வீனி டாட்’. தன்னிடம் சவரத்துக்கு வந்தவர்களின் கழுத்தை அறுத்தவனாகப் பழைய கதைகளில் வரும் ஃப்ளீட் தெரு நாவிதனின் பெயர் அது. ‘டாட்’ உதிர்ந்துபோக, படையின் பெயர் ‘ஸ்வீனி’ என்று நின்றுவிட்டது.

கேள்வி: அப்படி ஒரு படை உண்மையிலேயே இருந்ததா?
— நாகர்கோவில் வாசகி

பதில்: இருந்தது. 1919 அக்டோபரில், முதல் உலகப் போர் முடிந்து லண்டனில் கொள்ளைகள் பெருகிய நேரத்தில், தேர்ந்தெடுத்த துப்பறிவாளர்கள் பன்னிரண்டு பேரைக் கொண்டு சோதனை முயற்சியாக அதைத் தொடங்கினார்கள். அந்நாளில் ஒவ்வொரு காவல் வட்டத்துக்கும் எல்லை உண்டு. திருடனுக்கோ எல்லை கிடையாது. இந்தப் படையினர் மட்டும் நகரின் எந்த மூலைக்கும் போகலாம் என்று அனுமதித்தார்கள். அவர்களுக்கு முதலில் கிடைத்த வாகனம், ரயில்வே நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த, துணிக்கூரை போட்ட குதிரை வண்டி. வேவு பார்ப்பதற்காக அந்தத் துணியில் ஓட்டைகள் போட்டிருந்தார்கள். ‘பறக்கும்’ என்ற அடைமொழியைக் கொடுத்தது பத்திரிகைதான். ஆயுதம் தாங்கிய கொள்ளைகளை விசாரிப்பது பிற்காலத்தில் இப்படையின் தனிப் பொறுப்பாயிற்று. தொடரில் ரீகன் துரத்துவதும் பெரும்பாலும் வங்கிக் கொள்ளையர்களையும், சம்பளப் பண வண்டியை மறிப்பவர்களையும்தான்.

கேள்வி: ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தொடர். படம் மங்கல், சத்தம் கரகரப்பு. இதை இன்றைக்கும் புகழ்வதற்கு என்ன இருக்கிறது?
— சென்னை வாசகர்

பதில்: மங்கல் என்று தாங்கள் சொல்வதில்தான் அதன் பெருமையே இருக்கிறது என்பேன். அதுவரை பிரிட்டனில் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் அரங்கம் போட்டு, வீடியோ கேமராக்களில் பதிவாகி வந்தன. 1955 முதல் 1976 வரை ஓடிய ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ தொடரில், வயதான நல்ல காவலர் ஒருவர் கேமராவைப் பார்த்து நேயர்களுக்கு மாலை வணக்கம் சொல்லித்தான் கதையைத் தொடங்குவார். தேம்ஸ் டெலிவிஷனின் துணை நிறுவனமான யூஸ்டன் ஃபிலிம்ஸ் இதற்கு நேர்மாறாகச் செய்தது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய 16 மி.மீ. ஃபிலிம் கேமராக்களை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. ஹாமர்ஸ்மித்தில் கோலட் கோர்ட் என்ற பழைய பள்ளிக் கட்டடம்தான் அவர்களுக்குத் தலைமையிடம். சுற்றுவட்டாரத்துத் தெருக்களும் காலியான கிடங்குகளும் படப்பிடிப்புத் தளங்கள். ஓர் அத்தியாயத்தைச் சுமார் பத்தே நாட்களில் எடுத்து முடித்தார்கள், அதாவது நாளொன்றுக்கு ஐந்து நிமிடப் படம். அந்த அவசரம் திரையில் தெரிகிறது என்பதே என் கருத்து. துரத்தும் காட்சிகளில் நடிகர்களுக்கு உண்மையாகவே மூச்சு வாங்குகிறது. ஃபோர்டு கார் திரும்பும்போது சேற்று நீர் தெறிக்கிறது. பின்னணியில் நிற்கும் இடிந்த சுவர்கள் எவரும் கட்டிய அரங்கமல்ல, 1970-களின் லண்டன். தேம்ஸ் கரையின் கப்பல் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தை, கதை சொல்லும் சாக்கில் இந்தத் தொடர் படம்பிடித்து வைத்துவிட்டது.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. என் அப்பா பரிந்துரைத்ததால் சில அத்தியாயங்களைப் பார்த்தேன். ரீகன் சந்தேக நபர்களை அடிக்கிறார், வாரன்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைகிறார், துப்புக் கொடுப்பவர்களை மிரட்டுகிறார். கடைசியில் அவர் செய்ததே சரி என்று ஆகிறது. போலீஸ் அத்துமீறலை நியாயப்படுத்தும் தொடரை எப்படி ரசிப்பது?
— மதுரை வாசகி

பதில்: தங்கள் கேள்வியைப் பல நாள் மனத்தில் வைத்திருந்தேன். அத்துமீறல் அத்துமீறல்தான், அதில் எனக்குத் தங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. அக்காலத்து இங்கிலாந்தில் விசாரணைக் கைதியை நடத்த வேண்டிய முறை பற்றி நீதிபதிகள் வகுத்த நெறிகள் இருந்தனவே தவிர, முழுமையான சட்டம் இல்லை. காவல் துறை மற்றும் குற்றச் சான்றுச் சட்டம் 1984-இல்தான் நிறைவேறியது. விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் முறையும் அதன் பிறகே பரவலாக நிலைபெற்றது. ரீகன் கதவை உதைத்துத் திறக்கும் காட்சியைப் பார்க்கும்போது இந்த வெற்றிடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொடர் அவரை நியாயப்படுத்துகிறது என்பதை மட்டும் நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1972-இல் லண்டன் காவல் துறையின் தலைவராக வந்த ராபர்ட் மார்க், துப்பறியும் பிரிவில் புரையோடியிருந்த ஊழலைக் களையத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அதிகாரிகள் வேலையை விட்டுப் போனார்கள். பறக்கும் படையின் தலைவராக இருந்த கென்னத் ட்ரூரி, சோஹோ பகுதியின் ஆபாசப் பட வியாபாரி ஒருவரோடு சைப்ரஸுக்கு விடுமுறை போனது அம்பலமாகி, 1977-இல் லஞ்ச வழக்கில் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். தொடர் ஒளிபரப்பானது 1975 ஜனவரி முதல் 1978 டிசம்பர் வரை. அதாவது, கற்பனைப் படை திரையில் கொள்ளையர்களைத் துரத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உண்மைப் படையின் முன்னாள் தலைவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். பார்த்தவர்களுக்கு இது தெரியும், எழுதியவர்களுக்கும் தெரியும். ஆகவேதான் ரீகனைப் பணத்துக்கு மசியாதவராகவும், அதே சமயம் விதிகளை மதிக்காதவராகவும் படைத்தார்கள். விதியை மீறுகிறவன் எந்த இடத்தில் நின்றுகொள்வான் என்ற கேள்வியை அவருடைய மேலதிகாரி ஹாஸ்கின்ஸ் திரும்பத் திரும்ப எழுப்புகிறார். சிறுவயதில் அவரை முட்டுக்கட்டை என்று வெறுத்தேன். இப்போது பார்க்கையில் பல இடங்களில் ஹாஸ்கின்ஸ் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அந்தக் கேள்விக்கு விலையும் கொடுக்கிறார்கள். ரீகனின் மணவாழ்க்கை முறிந்துபோனது. மகளைப் பார்ப்பதற்குக் கூட நேரம் வாய்ப்பதில்லை. கார்ட்டரின் மனைவியை வேறொருத்தி என்று தவறாக எண்ணிக் கார் ஏற்றிக் கொல்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் ரீகன் மீதே ஊழல் சந்தேகம் விழுகிறது. எத்தனையோ பேரை அடைத்தவர் தாமே அடைபட்டு, சக அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிறது. குற்றமற்றவர் என்று தெரிந்து, வேலைக்குத் திரும்பலாம் என்று அவர்கள் சொல்லும்போது, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறார். அதோடு தொடர் முடிந்துவிட்டது. தங்கள் தந்தையாரோடு உட்கார்ந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ ஆக நடித்தவர்தான் ரீகனா? நம்பவே முடியவில்லை!
— புதுச்சேரி வாசகர்

பதில்: அவரேதான், ஜான் தா. ‘தி ஸ்வீனி’ தொடங்கியபோது அவருக்கு 33 வயதுகூட நிரம்பவில்லை; தோற்றமோ நாற்பதைத் தாண்டியது. 1987 முதல் 2000 வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஓப்பரா கேட்டுக்கொண்டு துப்பறிந்த மோர்ஸும் அவரே. இரு தொடர்களிலும் தயாரிப்பில் டெட் சைல்ட்ஸின் பங்கு உண்டு. ஜான் தா 2002-இலும், கார்ட்டராக நடித்த டென்னிஸ் வாட்டர்மன் 2022-இலும் காலமானார்கள்.

கேள்வி: மொத்தம் 53 அத்தியாயங்கள் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? 2012-இல் வந்த திரைப்படம் போதுமா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: திரைப்படம் போதாது. பெயர்களை எடுத்துக்கொண்டு காலத்தை விட்டுவிட்ட படம் அது. 1974 ஜூனில் முன்னோட்டமாக வந்த ‘ரீகன்’ என்ற தனிப்படத்திலிருந்து தொடங்குங்கள். இயன் கென்னடி மார்ட்டின் எழுதியது. ரீகனுக்கும் ஹாஸ்கின்ஸுக்கும் உள்ள உரசல் அதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பிறகு வரிசையாகப் பாருங்கள். இன்னொன்று: பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். தொடக்கத்தில் அதிரடியாக முழங்கும் ஹாரி சவுத்தின் மெட்டு, முடிவில் அதே மெட்டாகத் தணிந்து, மெதுவாக, வேலை முடிந்து வெறும் வீட்டுக்குத் திரும்புகிறவனின் நடைபோல ஒலிக்கும்.